போத்தல் மீன் ஏன் சாகிறது?

செமோர் வட்டாரத்தில் ஒரு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலை நேரம். நாம் லயத்துப் பக்கம் போனபோது வாசற்படியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தான். அவன் மடியில் ஒரு ஹார்லிக்ஸ் போத்தல். அதற்குள்ளே நீல நிறச் சண்டை மீன் ஒன்று மல்லாந்து மிதந்தது.

"என்னாடா தம்பி ஆச்சு?"

"மீனு செத்துப் போச்சுங்க ஐயா. இது மூணாவது மீனு."

"என்ன தீனி போட்டே?"

"சோறு போட்டேன். திங்கலே. ரொட்டி பிச்சுப் போட்டேன். அதையும் திங்கலே. பசிக்குமேன்னு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

உள்ளேயிருந்து தாயார் வந்தார். "நமக்கு ராசி இல்லீங்க. நம்ம கையிலே வாயில்லா ஜீவன் எதுவுமே தங்க மாட்டேங்குது. இனிமே வாங்கவே கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். ஒவ்வொரு மீனும் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கியதாம். பையன் உண்டியலில் சேர்த்த காசு.

தோழர்களே, சம்பளப் பிரச்னை, வீட்டுப் பிரச்னை, பிள்ளைகளின் படிப்பு என்று எழுத எத்தனையோ இருக்க, மீனைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். ஆனால் 'என் கையில் எதுவும் தங்காது' என்ற எண்ணம் எட்டு வயதிலேயே ஒரு பிள்ளையின் மனத்தில் விழலாமா? அந்தப் பையன் மீனைப் பட்டினி போடவில்லை. பாசத்தோடு பார்த்துக்கொண்டான். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவுதான்! அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தோம்.

குற்றவாளி யார்?

பையனின் தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. அவரிடம் நாம் ஒன்று கேட்டோம். "அண்ணே, பால் உறையாம இருக்க என்ன ஊத்துறீங்க?"

"அம்மோனியா. கிட்டப் போனா கண்ணு எரியும், மூக்கு அடைச்சுக்கும்."

"அதேதான் இந்தப் போத்தலுக்குள்ளேயும் இருக்கு!"

அவர் நம்பவில்லை. ஆனால் உண்மை அதுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. தின்னாமல் மிஞ்சிய சோறும் ரொட்டியும் அழுகி அதோடு சேர்ந்துகொள்கின்றன. போத்தலில் இருப்பது மிகச் சிறிய அளவு என்பதால் நம் மூக்குக்கு எட்டாது. ஆனால் மீன் இரவும் பகலும் அதற்குள்ளேயே கிடக்கிறது. ஸ்டோரில் ஐந்து நிமிடம் நின்றாலே நமக்குக் கண் எரிகிறது. மீனுக்கோ செவுள் வெந்துபோகிறது. தண்ணீர் கலங்கிப் பால்போல் வெளுக்கும்போது காரியம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

ஆகவே, அந்த மூன்று மீன்களும் பசியால் சாகவில்லை. மிஞ்சிப் போட்ட தீனியாலும் கெட்டுப்போன தண்ணீராலும் செத்தன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நம் கால்வாயில் வாழ்ந்த மீன்

மலாய்க்காரர்கள் இதை இக்கான் லாகா, பெலாகா என்பார்கள். ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் போகும் வழியிலுள்ள செமோரில் வளர்ந்த பழைய ஆட்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பக்கத்து லயத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தார்.

"நாங்க சின்னப் பசங்களா இருக்கச்சே காசு கொடுத்தா வாங்கினோம்? தோட்டத்துக் கால்வாய்லே, சதுப்புலே, புல்லுக்குள்ளே கையை விட்டுத் தேடுவோம். தண்ணி மேலே எச்சில் மாதிரி நுரை இருந்தா அதுக்குக் கீழே ஆம்பளை மீனு இருக்கும். ரெண்டு கையாலேயும் அப்படியே அள்ளிடுவோம்."

அவர் அள்ளியது நம் தீபகற்பத்துக்கே சொந்தமான காட்டு இனம். உடல் கறுத்து, செதில் நீலமும் பச்சையுமாக மின்னும். வால் நுனியில் சிவப்புப் பிறை இருக்கும். 1975ஆம் ஆண்டில் இதற்குப் பெத்தா இம்பெல்லிஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள். இம்பெல்லிஸ் என்றால் லத்தீன் மொழியில் 'போர்க்குணம் இல்லாதது' என்று அர்த்தம்! சண்டை மீனுக்கு இப்படி ஒரு பெயர்.

இன்று இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் தொங்குவது அதன் சயாம் நாட்டு உறவு. பெரிய வாலும் பளபளப்பும் மனிதர்கள் பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததால் வந்தவை. 1910இல் பெத்தா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் பெற்ற அந்த மீனைத் தாய்லாந்து அரசாங்கம் 2019இல் தனது தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

இரண்டுக்கும் ஒரு விசேஷம் உண்டு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னோர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றைக் குடித்து அதன் வழியாகவும் மூச்சு விடும். அதனால்தான் காற்றுக் குறைந்த சேற்றுத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள், 'இதுக்குச் சின்னப் போத்தலே போதும்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். காற்றுக் குறைவைத் தாங்கும் மீன் அம்மோனியாவைத் தாங்காது. அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

எங்கே வைப்பது?

ஒரு மீனுக்குப் பத்து லிட்டர் தண்ணீராவது இருந்தால் நல்லது. கண்ணாடித் தொட்டி வாங்க வசதி இல்லையா? புதிய பிளாஸ்டிக் பெட்டியோ வாளியோ போதும். சோப்புப் போடாமல் கழுவுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். இந்த மீன் துள்ளிக் குதிக்கும். மேலே வலைத்துணி கட்டுங்கள். காற்றுப் புகாமல் மூடி போட்டு இறுக்கிவிட்டால், எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

வெயில் நேராக விழும் இடத்தில் வைக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகலில் சின்னப் போத்தல் அடுப்பில் வைத்ததுபோல் சூடேறிவிடும். நம் நாட்டுச் சாதாரண வெப்பம், அதாவது 25லிருந்து 30 டிகிரிக்குள், இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளும். தனியாகச் சூடு காட்டும் கருவி எதுவும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். களைக்கொல்லி மருந்து வந்த டின்னை எவ்வளவு கழுவினாலும் மீனுக்கு எடுக்காதீர்கள். குடிதண்ணீருக்கும் எடுக்காதீர்கள். தோட்டத்துப் பெண்கள் பல்லாண்டு காலம் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட் மருந்து 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. வேறு களைக்கொல்லிகள் இன்னும் இருக்கின்றன. மருந்து அடித்த நிரைப் பக்கத்துக் கால்வாய்த் தண்ணீரும் மீனுக்கு ஆகாது.

தண்ணீர்தான் முக்கியம்

குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அது நமக்கு நல்லது, மீனுக்குக் கெடுதல். வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். சில இடங்களில் குளோராமின் என்ற வேறு மருந்து கலப்பதுண்டு. அது ஒரு நாளில் போகாது. மீன் கடையில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விற்கிறார்கள். சின்னப் போத்தலே மாதக் கணக்கில் வரும். இரண்டுக்கும் அது கேட்கும்.

பத்து லிட்டர் பாத்திரமானால் வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டிக் கழுவி வைக்காதீர்கள். பாத்திரத்தின் சுவரிலும் கல்லிலும் நல்ல கிருமிகள் குடியிருந்து அம்மோனியாவைத் தின்று தீர்க்கின்றன. தேய்த்துக் கழுவினால் அவையும் போய்விடும். வேறு வழியில்லாமல் சின்னப் போத்தலில்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும்.

செமோர் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கந்தான் மலைப் பக்கம் கிடக்கும் வெள்ளைக் கற்களைப் பொறுக்கி வந்து அழகுக்குப் போத்தலில் போடுகிறீர்கள் அல்லவா? அது சுண்ணாம்புக் கல். தண்ணீரில் மெல்லக் கரைந்து காரத்தை ஏற்றிவிடும். காரம் ஏறிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமையாகும். இந்த மீனின் சொந்த ஊர் சதுப்பு நிலம். இலை ஊறிய, தேத்தண்ணீர் நிறத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

ஆகவே கல்லுக்குப் பதிலாகக் கெத்தாப்பாங் இலை போடுங்கள். நாட்டு வாதுமை மரம் என்று ஊரில் சொல்வார்களே, அதே மரம்தான். பழுத்துக் காய்ந்து தானாக விழுந்த இலையாகப் பார்த்து, சாலையோரப் புகையும் மருந்தும் படாததாக எடுத்து, கழுவி, உள்ளங்கையளவு துண்டு போட்டால் போதும். காசு செலவில்லை.

என்ன போடுவது? எவ்வளவு போடுவது?

மீனின் வாயைக் கவனித்துப் பாருங்கள். மேல்நோக்கி இருக்கும். தண்ணீர் மேலே விழும் பூச்சியைக் கவ்வுவதற்கென்றே அமைந்த வாய் அது. பூச்சியும் புழுவும் தின்னும் மீனுக்குச் சோறு எதற்கு? ரொட்டி எதற்கு? பிஸ்கட் எதற்கு? வயிற்றுக்குள்ளே ஊதி உபத்திரவம் கொடுக்கும். தின்னாவிட்டால் தண்ணீரைக் கெடுக்கும்.

சண்டை மீனுக்கென்றே சிறு உருண்டைத் தீனி கடையில் கிடைக்கிறது. காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. உருண்டை பெரிதாக இருந்தால் இரண்டு போதும். "இவ்வளவுதானா?" என்று அந்தத் தாயார் ஆச்சரியப்பட்டார். ஆமாம், இவ்வளவுதான்! அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண்ணளவுதான் இருக்கும். ஒவ்வோர் உருண்டையாகப் போட்டு, தின்றபின் அடுத்ததைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள்.

மீன் ஆளைக் கண்டால் ஓடி வரும், வாலை ஆட்டும். உடனே நமக்கு மனம் இளகிவிடும். அப்பா ஒருமுறை போடுவார், அக்காள் ஒருமுறை போடுவாள், தம்பி ஒருமுறை போடுவான். வீட்டில் யாராவது ஒருவர் மட்டும் தீனி போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் மீனுக்கும் விரதம் இருக்கட்டும். வயிறு சுத்தமாகும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் இரண்டு மூன்று நாள் உறவினர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? கவலைப்படாமல் போய் வாருங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் அதைத் தாங்கும். 'வரும்வரைக்கும் இருக்கட்டும்' என்று ஒரு கைப்பிடி கொட்டிவிட்டுப் போனால்தான் ஆபத்து.

புது மீன் முதல் ஓரிரு நாள் தின்னாது. பயப்படாதீர்கள். வாங்கி வந்ததும் பையோடு பாத்திரத்தில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தண்ணீரைச் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கொசுப்புழுவில் கவனம்!

கொசுப்புழு இந்த மீனுக்கு விருந்து. அதில் சந்தேகமில்லை. ஆனால் மீனுக்காக டின்னிலும் பழைய டயரிலும் தண்ணீர் வைத்துக் கொசுப்புழு வளர்க்கும் வழக்கம் சில லயங்களில் இருக்கிறது. இது விபரீதம்! ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். நீங்கள் இரண்டு நாள் மறந்தால் போதும், லயம் முழுக்க டிங்கிக் காய்ச்சல்.

சட்டமும் சும்மா விடாது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. 'மீனுக்காக வச்சிருந்தோம்' என்றால் சுகாதார அதிகாரி கேட்க மாட்டார்.

வெட்டு நின்ற மரத்து மங்கிலோ பூந்தொட்டித் தட்டிலோ கொசுப்புழுவைக் கண்டால், மீனுக்கு நாலைந்து புழுவை வலையில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காய்ந்த தரையில் கொட்டிவிட்டு, மங்கைக் கவிழ்த்து வையுங்கள். மீனுக்கும் விருந்து, லயத்துக்கும் பாதுகாப்பு. சாக்கடைப் புழு மட்டும் வேண்டாம். அது நோயைக் கொண்டுவரும்.

சண்டைக்கு விடாதீர்கள்

இரண்டு ஆண் மீனை ஒன்றாகப் போட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காட்டு மீனும் சண்டை போடும். தன் நுரைக்கூட்டையும் எல்லையையும் காப்பாற்றத்தான் போடும். தோற்ற மீன் புல்லுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அதோடு சண்டை தீர்ந்தது. போத்தலுக்குள்ளே எங்கே ஓடும்? அதனால்தான் வால் கிழிந்து, கண் போய், செத்து விழுகிறது.

இதில் பந்தயம் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். சம்பள நாளன்று மீன் தலையில் காசைக் கட்டித் தோற்றுவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போத்தல் வைத்தால் நடுவே அட்டை வைத்து மறையுங்கள். பெரியவர் சொன்னதுபோல, "அட்டை வைக்கலேன்னா கண்ணாடியை முட்டி முட்டியே சோர்ந்து போகும்."

நோய் வந்தால்

துடுப்பு ஓரம் அரித்துப் பிய்ந்து போனால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். உடனே மருந்துக்கு ஓடாமல், சில நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிப் பாருங்கள். வயிறு உப்பினால் இரண்டு நாள் பட்டினி போடுங்கள். உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளியோ, பொன்தூள் தூவியதுபோல் பூச்சோ தெரிந்தால் அது ஒட்டுண்ணி. மீன் கடையில் அடையாளம் சொல்லி மருந்து வாங்குங்கள். வயிறு வீங்கிச் செதிலெல்லாம் சிலிர்த்து நின்றால் பிழைப்பது அரிது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டு வாழும். வளர்க்க முடியாமல் போனால் கடை மீனை ஆற்றிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் நம் காட்டு இனத்தோடு கலந்து அதைக் கெடுத்துவிடும். யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, சதுப்புகள் மண் கொட்டி மூடப்பட்டுவிட்ட இந்தக் காலத்தில், பெரியவர் கையால் அள்ளிய மீனைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

கத்தரித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்

காலை: மூன்று உருண்டை. மாலை: மூன்று உருண்டை. மிச்சத்தை எடுத்துவிடு.
வாரம் ஒரு நாள்: தீனி இல்லை.
வாரம் ஒருமுறை: நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று. குளோரின் போன தண்ணீர் மட்டும்.
ஒரு பாத்திரம், ஓர் ஆண் மீன். மேலே வலைத்துணி.
சோறு, ரொட்டி, சுண்ணாம்புக் கல், மருந்து டின்: கூடாது.

இரண்டு மாதம் கழித்து அதே லயத்துக்கு நாம் மறுபடியும் போனோம். புது பிளாஸ்டிக் பெட்டியில் சிவப்பு மீன் ஒன்று. கெத்தாப்பாங் இலை ஒன்று. தண்ணீருக்கு மேலே ஒரு மூலையில் வெள்ளை நுரை திரண்டிருந்தது.

"அழுக்குன்னு நெனச்சு நேத்து வழிச்சுப் போடப் பார்த்தேங்க. இவன் விடலே" என்றார் தாயார்.

பையன் நம்மைப் பார்த்து, "அது அழுக்கு இல்லம்மா, கூடு. தாத்தா சொன்னாரு. நல்லா இருக்கிற ஆம்பளை மீனுதான் கூடு கட்டுமாம்" என்றான்.

ராசி இல்லை என்றார்களே, இப்போது அந்த வீட்டில் மீன் கூடு கட்டியிருக்கிறது! தோழர்களே, உங்கள் வீட்டிலும் போத்தலுக்குள் ஒரு மீன் இருந்தால் இன்றைக்கே அந்தத் தண்ணீரைப் பாருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.